கே.எல். வண்டி, டி.என். முகவரி, புது லைசென்ஸ்: முதல் கார் வாங்குவோருக்கு ஒரு கணக்கு

பழைய கார் விற்கும் பொள்ளாச்சி கன்சல்டிங்கில் விலை கேட்ட அதே மாடல், அதே வருஷத்து வண்டி, கோபாலபுரம் தாண்டிக் கேரளச் சித்தூர்ப் பக்கம் போனால் நாற்பதாயிரம் குறைவு என்று புரோக்கர் சொல்வார். ஆந்திர நகரியில் இருப்பவருக்குத் திருத்தணி வண்டி மலிவாகத் தெரியும். மார்த்தாண்டத்தில் இருப்பவருக்குப் பாறசாலை வண்டி. எல்லையோரத்தில் முதல் கார் தேடும் எவரும் இந்தக் கணக்கில் ஒரு முறையாவது தடுமாறுவார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "பையன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறான், இன்ஷூரன்ஸ் கூடுமா?"

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் ஓட்டுபவரின் அனுபவத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. வண்டியைப் பார்க்கிறது, ஆர்.சி.யில் உள்ள பேரைப் பார்க்கிறது, அந்தப் பேரும் பாலிசியில் உள்ள பேரும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. மலிவாக வாங்கிய வண்டி பிறகு கையைக் கடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பொருத்தம் தவறும் இடத்தில்தான்.

புதுசா, பழசா?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதம். அதன்மேல் செஸ் வேறு, பெட்ரோலுக்கு 1, டீசலுக்கு 3. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோலில் 1,200 சி.சி. வரை, டீசலில் 1,500 சி.சி. வரை. வரிக்கு முந்தைய விலையில் மாற்றமில்லை என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் வண்டியில் 129 ரூபாய் 118 ரூபாயாகிறது. ஷோரூம் விலை 6 லட்சமாக இருந்த வண்டியில் சுமார் 51,000 ரூபாய் இறக்கம்.

இது புது வண்டி வாங்குபவருக்கு மட்டுமான செய்தி என்று நினைக்க வேண்டாம். 2023இல் வாங்கியவர் தன் பழைய பில்லைக் காட்டி "இவ்வளவுக்கு எடுத்தது" என்று பேரம் பேசினால், அந்தப் பில்லுக்கு இன்று மதிப்பில்லை. அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். இன்ஷூரன்ஸிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு, அதை ஐ.டி.வி. (வண்டி முழுதும் போனால் இன்ஷூரன்ஸ் தரும் தொகை) பகுதியில் பார்க்கலாம்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் புது காருக்கான ஆயுள் வரி 2023 நவம்பரில் உயர்ந்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆறு லட்சம் ரூபாய் வண்டிக்கு 78,000 ரூபாய் வரி. கேரளத்தில் 15 ஆண்டுக்கு ஒரே தவணையாக வாங்குகிறார்கள்.

பழைய வண்டியைச் சொந்த மாநிலத்துக்குள்ளேயே வாங்கினால் இந்த வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. உங்களுக்கு அது மிச்சம். எல்லை தாண்டி வாங்கினால், வண்டியின் வயதுக்கு ஏற்றபடி வரியைப் புது மாநிலத்தில் மறுபடி கட்ட வேண்டும். புரோக்கர் சொன்ன நாற்பதாயிரம் இங்கேதான் கரையத் தொடங்குகிறது. பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் மறுபதிவு முடிந்த பிறகுதான் கேட்க முடியும், பணம் வரக் காலமும் ஆகும், வரியைக் கட்டியவர் பழைய உரிமையாளர் என்பதால் அவருடைய ஒத்துழைப்பும் வேண்டியிருக்கும். எனவே அந்தத் தொகையைக் கையில் இருக்கும் பணமாக எண்ணி பட்ஜெட் போட வேண்டாம்.

வரி அட்டவணையில் வயது குறைந்த வண்டிக்குத்தான் சுமை அதிகம். ஆகவே மூன்று வயதுக்குட்பட்ட வண்டியை எல்லை தாண்டி வாங்குவதில் பெரும்பாலும் லாபமில்லை. ஆறேழு வயது வண்டி என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12, 13 வயது வண்டியை மலிவு என்று முதல் காராக எடுப்பதும் சரிவராது: பதிவு 15 ஆண்டில் முடியும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வும் புதுப்பித்தலும் பசுமை வரியும் வரும்.

எந்த ஆண்டு வண்டி?

புதிதாக ஓட்டுபவருக்கு இந்தக் கேள்வி விலையைவிட முக்கியம். சட்டம் எப்போது எதைக் கட்டாயமாக்கியது என்று தெரிந்தால், எந்த மாடலானாலும் குறைந்தபட்சம் என்ன இருக்கும் என்று தெரியும்.

1. 2019 ஏப்ரல்: எல்லா கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது).
2. 2019 ஜூலை: ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார்.
3. 2019 அக்டோபர்: விற்பனையில் இருந்த எல்லா மாடல்களும் மோதல் சோதனை விதிகளுக்கு உட்பட்டன.
4. 2020 ஏப்ரல்: பி.எஸ்.6 புகை விதி.
5. 2022 ஜனவரி: முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக்.

மழை நாளில் போடிமெட்டிலோ ஆரியங்காவிலோ இறங்கும்போது புது டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்துப் பிடித்துவிடுவார். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே சறுக்கும். 2019 அக்டோபருக்குப் பின் தயாரான வண்டி என்பதைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் பதிவு தேதியும் தனித்தனியாக இருக்கும். தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

எஞ்சின் அளவைப் பொறுத்தவரை ஆல்டோ கே10, செலரியோ, வேகன் ஆரின் சிறிய எஞ்சின் ஆகியவை 998 சி.சி.; க்விட், ட்ரைபர், மேக்னைட் 999. ஸ்விஃப்ட், நியாஸ், டியாகோ, பஞ்ச் எல்லாம் 1,200 சி.சி.யை ஒட்டியவை. 1,000 சி.சி. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸில் சிறு வித்தியாசம் வரும். அதற்காக மட்டும் எஞ்சினைத் தேர்வு செய்ய வேண்டாம். நாலு பேரும் சாமானுமாகக் குமுளி ஏற்றம் அடிக்கடி ஏற வேண்டியிருந்தால் 1,200 எஞ்சின் சிரமப்படாமல் ஏறும்.

வெள்ளம் பார்த்த வண்டியா?

2018 ஆகஸ்டில் கேரளத்தில், 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் சென்னையிலும் பின் நெல்லை, தூத்துக்குடியிலும் வெள்ளம் வந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு, ஆள் அறியாத ஊரில் விற்பனைக்கு வருவது சந்தைக்குப் புதிதல்ல. எல்லை தாண்டினால் வண்டியின் கதையும் தொலைந்துபோகிறது என்பதுதான் விற்பவருக்கு வசதி.

பாலிஷ் போட்ட பானட்டைப் பார்ப்பதில் பயனில்லை. சுத்தம் செய்பவரின் கை எட்டாத இடங்களைப் பாருங்கள்:

1. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வரும் முதல் பகுதி துவைத்துப் பளிச்சென்று இருக்கும்; சுருளின் அடியில் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு நீர்க்கோடு தெரிந்தால் பேரத்தை நிறுத்திவிடலாம்.
2. சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள்.
3. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து, அடியில் உள்ள பள்ளத்தில் விரலால் தடவிப் பாருங்கள். வண்டல் ஒட்டும்.
4. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் இன்று ஓடும் வண்டி ஆறு மாதத்தில் எலக்ட்ரிக்கல் கோளாறு கொடுக்கும்.
5. ஏ.சி.யை அணைத்து, கண்ணாடி ஏற்றி, பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்தி, உள்ளே உட்காருங்கள். ஊதுபத்தியும் வாசனை டப்பாவும் மறைக்காத ஈர நெடி அப்போது வரும்.

கடற்கரையோர ஊர்களில் ஓடிய வண்டியில் வெள்ளம் இல்லாமலேயே அடித்தகடு துருப்பிடித்திருக்கும். ரேம்பில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரம் தயாரானது. ஐந்து டயரும் வேறு வேறு வருஷம் காட்டினால் ஏனென்று கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல்.

பலர் தவறவிடும் இன்னொரு சோதனை, விற்பவரின் பழைய பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஒரே உரிமையாளரிடம் கிளெய்மே இல்லாமல் ஐந்தாம் ஆண்டு பாலிசியில் உள்ள வண்டிக்கு 45 சதவீதம் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் முந்தைய ஆண்டில் கிளெய்ம் போயிருக்கிறது, அல்லது பாலிசியை நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். "ஒரு கீறல்கூட இல்லை" என்று அவர் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லை தாண்டும் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநில எண்ணுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும். இந்த 12 மாதத்தை வரிக்கும் சேர்த்துக் கொடுத்த சலுகை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பதிவு எண்ணுக்கான கெடு மட்டும். வரி மாநிலச் சட்டம். அதற்குத் தனிக் கெடு. வாங்கிய வண்டியை மாதக்கணக்கில் பழைய எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் செக்போஸ்டில் கேள்வி வரும்.

வரிசை இப்படி:

1. விற்பவர் தன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிப்பார் (படிவம் 28). சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல் அதில் ஒட்ட வேண்டும். நிலுவை வரி, இ-சலான் இருந்தால் இங்கேயே நின்றுவிடும். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுவதால், கே.எல். வண்டி வாங்குபவர் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுச் சலான் பார்ப்பது முதல் வேலை.
2. வண்டிமேல் லோன் இருந்தால் ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் என்று இருக்கும். வங்கியின் கடிதமும் படிவம் 35உம் கொடுத்து அதை நீக்க வேண்டும். லோன் முடிந்தும் இதை நீக்காமல் விட்டவர்கள் நிறைய. முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.
3. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் கொடுப்பதும் சந்தையின் கெட்ட பழக்கம்.
4. வாங்குபவர் தன் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 30 நாளுக்குள் பேர் மாற்றத்துக்கும், படிவம் 27 வழியாகப் புது எண்ணுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வரி, வண்டி ஆய்வு, காவல் துறைச் சான்று.
5. புது எண் வந்ததும் பாலிசியில் அதை ஏற்றச் சொல்லிக் கடிதம். ஃபாஸ்டேகையும் மாற்றுங்கள், பழையதை விட்டுவைத்தால் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை விற்ற பாலக்காட்டுக்காரர் கணக்கில் பணம் கழியும், கோபத்தில் அவர் டேகை முடக்குவார்.

பேர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வது விற்றவர்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து நாளில் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே. நீங்கள் பழைய வண்டியை விற்கும்போதும் இதே விதிதான்.

கன்சல்டிங் மூலம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் (படிவம் 29பி) வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அவர் வெறும் இடைத்தரகர்.

வேலந்தாவளத்தில் குடியிருந்துகொண்டு கோவைச் சித்தப்பா வீட்டு முகவரியில் வண்டியைப் பதிவு செய்வது எளிய வழியாகத் தோன்றும். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு என்பது சட்டம். புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் வழக்கு வரை போனது. சிறிய காருக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்தான். ஆனாலும் பொய் முகவரி பாலிசியிலும் ஏறும், கிளெய்மை ஆய்வு செய்ய வரும் சர்வேயர் கேட்கும்போது அதுவே முதல் முடிச்சு.

இன்ஷூரன்ஸ்: நாலு சொல் தெரிந்தால் போதும்

தேர்டு பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர், உடல், பொருள் சேதத்துக்கானது. சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. உயிர், உடல் இழப்புக்கு உச்சவரம்பே இல்லை. பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. பாலிசி காலாவதியான நாளில் விபத்து நடந்தால் தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுதும் உரிமையாளரின் வீடு, நிலத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதன் கட்டணம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. முன்சொன்ன 998, 1,197 சி.சி. வித்தியாசம் வரியோடு ஆண்டுக்கு 1,560 ரூபாய். புது காருக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டுத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே கட்ட வேண்டும்.

ஓன் டேமேஜ் என்பது உங்கள் வண்டியின் சேதம், திருட்டு, தீ, வெள்ளம். இது சட்டக் கட்டாயமில்லை. விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பேரம் பேச வேண்டிய இடம் இது.

ஐ.டி.வி. என்பது வண்டி முழுதும் போனால் கிடைக்கும் தொகை. அந்த மாடலின் நடப்பு ஷோரூம் விலையில் வயதுக்கு ஏற்பக் கழித்து வருவது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, பின் ஆண்டுக்கு ஒரு படியாக 20, 30, 40, 50. ஐந்தாண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு. மூன்றரை வயது வண்டி, ஷோரூம் விலை 6 லட்சம் என்றால் 3,60,000. ஜி.எஸ்.டி. குறைந்து ஷோரூம் விலை 5,50,000 ஆனால் அதே வண்டிக்கு 3,30,000. புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. திடீரென்று இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்; ஏஜென்ட் ஏமாற்றினார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டுமென்று ஐ.டி.வி.யை அடித்தளத்துக்கு இறக்கும் ஏஜென்ட்டும் உண்டு. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே முழு நஷ்டம் என்று முடித்து அந்தத் தொகையைக் கொடுத்துவிடுவார்கள். இறக்கி வைத்த ஐ.டி.வி.யின் வலி அப்போது தெரியும்.

நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜில் தள்ளுபடி: 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் பூஜ்யம்.

புது டிரைவருக்குக் கூடுதல் பிரீமியமா?

வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு, 18 வயதுப் பையன் பேரைச் சேர்த்தால் பிரீமியம் இரட்டிப்பாகும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே தனியார் காருக்கான பாலிசி, உரிமையாளர் அனுமதியோடு செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் எவர் ஓட்டினாலும் செல்லும். பேர் சேர்க்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், ஓடிய தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் வைத்துக் கட்டணம் போடும் கூடுதல் கவர்களை அனுமதித்தது. மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் புது டிரைவருக்கு தூரக் கணக்கு ஒத்துவரலாம். வேண்டியவர் எடுக்கலாம், கட்டாயமில்லை.

எனவே ஆபத்து பிரீமியத்தில் இல்லை. இந்த நாலு இடத்தில் இருக்கிறது:

1. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) காலம். பழகுநர் ஓட்டும்போதும் பாலிசி செல்லும். நிபந்தனை: முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்து இருக்கையில் முழு லைசென்ஸ் உள்ளவர். நண்பனோடு இருவரும் எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு போனால் கவர் இல்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாளுக்குப் பின் டெஸ்ட் போடலாம். ஆறு மாதம் முடிந்த மறுநாள் அது வெறும் காகிதம்.
2. பதினெட்டு ஆகாதவர். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.
3. உரிமையாளர் விபத்துக் கவர். 15 லட்சம் ரூபாய்க்கான இந்தக் கவர் ஆர்.சி.யில் பேருள்ள, லைசென்ஸும் உள்ளவருக்கு மட்டும். வண்டி அப்பா பேரில், ஓட்டுவது மகன் என்றால் மகனுக்கு இது கிடைக்காது. பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் கவரைச் சேர்த்து, அது ஓட்டுபவரையும் உள்ளடக்குகிறதா என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். லைசென்ஸே இல்லாத அம்மா பேரில் வண்டி எடுத்தால் இந்தக் கவரை விற்கவே கூடாது. ஆனாலும் ஆன்லைனில் ஒரு டிக் விழுந்து பணம் போயிருக்கும்.
4. யார் பேரில் வாங்குவது. போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு போகும். அப்பா தன் பழைய காரை விற்றுவிட்டு அதே பேரில் புதிதாக எடுத்தால், அவருடைய 50 சதவீதம் புது வண்டிக்கு வரும். பழைய நிறுவனத்தின் கடிதம் மூன்று ஆண்டு செல்லும். மகன் பேரில் எடுத்தால் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். மேலே சொன்ன விபத்துக் கவரையும் இதையும் தராசில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மகன் தினமும் ஓட்டப்போகிறான் என்றால், சில ஆயிரம் தள்ளுபடியைவிட அவன் பேரில் 15 லட்சம் கவர் இருப்பது மேல்.

பாலிசியில் பேர் மாற்றம்: 14 நாள்

பழைய வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டிக் கவர் சட்டப்படி தானாகவே வாங்கியவருக்கு மாறும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது என்று 1990களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். "பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கும், ஆனால் உங்கள் பேர் ஏறும்வரை பம்பர் உடைந்தால் அந்தப் பாலிசி உங்களுக்கு உதவாது.

பேர் மாற்றும்போது விற்றவர் அனுபவித்த போனஸை மீதிக் காலத்துக்கு உங்களிடம் வசூலிப்பார்கள். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் 6,000 ரூபாய், விற்றவருக்கு 50 சதவீதம், பாலிசியில் ஆறு மாதம் பாக்கி என்றால், நீங்கள் கட்ட வேண்டியது 1,500, வரியோடு 1,770. இதை விலைப் பேச்சிலேயே கழித்துக்கொள்ளலாம். ஆர்.சி. இன்னும் மாறவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பேர் மாற்றத்தை நிறுத்தி வைக்கும் கிளைகள் உண்டு. படிவம் 29, 30, என்.ஓ.சி. நகல்களோடு மின்னஞ்சலில் விண்ணப்பித்துத் தேதியோடு சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அடிக்குக் கிளெய்ம் போடலாமா?

புது டிரைவர் முதல் ஆண்டில் கேட்டிலோ தூணிலோ பம்பரை இடிப்பது சகஜம். பழுதுச் செலவு 7,000 ரூபாய் என்று வைப்போம்: பம்பர் 5,000, கூலி 2,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குத் தேய்மானம் 50 சதவீதம், கண்ணாடிக்கு இல்லை. பம்பருக்கு 2,500, கூலிக்கு 2,000, அதில் 1,500 சி.சி. வரை உள்ள வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 3,500.

இழப்பது என்ன? ஓன் டேமேஜ் அடிப்படை 7,000 என்று கொண்டால், போனஸே இல்லாத முதலாண்டுக்காரர் அடுத்த ஆண்டில் 1,400, அதன்பின் படிப்படியாக 350, 700, 700, 350, ஐந்தாண்டில் 3,500. கிட்டத்தட்ட சமம். ஏற்கெனவே 35 சதவீதத்தில் இருப்பவர் இழப்பது 3,150, 2,100, 1,750, 1,050, 350, மொத்தம் 8,400. அவர் கைக்காசு கொடுத்துச் சரிசெய்வதே மேல். அதே அடி, அதே பில். யார் பேரில் வண்டி என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

பம்பர் டு பம்பர் கவர் இருந்தால் தேய்மானம் கழியாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட வண்டிக்குத்தான் கொடுப்பார்கள். முதல் இரண்டு ஆண்டு புது டிரைவருக்கு இது வீண் செலவில்லை. பிறகு வேண்டுமா என்று யோசிக்கலாம்.

கிளெய்ம் நிற்கும் இடங்கள்

மண்டல சீசனில் பக்கத்து வீட்டாரை சபரிமலைக்கு அழைத்துப் போய் "டீசல் காசு" என்று மொத்தமாக ஒரு தொகை வாங்கினால், வாடகைக்கு ஓட்டியதாக ஆகிவிடும். தனியார் பாலிசி வாடகையை ஏற்காது. திருப்பதி பயணத்துக்கும் அதே கதை.

தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. காற்று வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வெள்ளம் பாலிசியில் உண்டுதான். ஆனால் ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்தை, எஞ்சின் புரொடெக்ட் (எஞ்சின் பாதுகாப்பு) கவர் தனியாக எடுக்காதவரை, சர்வேயர் விலக்குவார். நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், பேட்டரி இணைப்பைக் கழற்றி, டோ வண்டிக்குச் சொல்லுங்கள். தள்ளும் முன் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.